கருவில் இருக்கும் குழந்தையின் கிட்னியில் வீக்கம் என்று ஸ்கேன் சொன்னால்: ஐந்தாம் மாதம் முதல் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து கைக்கு வரும் ரிப்போர்ட்டில் பாதி வரிகள் புரியாது. ஒரு வரி மட்டும் கண்ணில் குத்தி நிற்கும். ‘இடது சிறுநீரகத்தில் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்றோ, ‘ரீனல் பெல்விஸ் விரிவு, 5.2 மி.மீ.’ என்றோ அது இருக்கும். டாக்டர் “நாலு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பியிருப்பார். வீட்டுக்கு வருவதற்குள் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பிவிடும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இது தென்படுகிறது. கருவிலேயே தெரியவரும் மாறுதல்களில் மிகச் சாதாரணமானவற்றில் இதுவும் ஒன்று. லேசான வீக்கம் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். வடியாதவற்றுக்கும் நல்ல வைத்தியம் இருக்கிறது, காலத்தோடு போனால். ஆனால் நடைமுறையில் காரியம் கெடுவது வேறு இடத்தில். கர்ப்பத்தில் தூக்கமில்லாமல் தவித்த குடும்பம், குழந்தை பிறந்து நன்றாகப் பால் குடித்து எடை போடுவதைப் பார்த்ததும் ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்று ஸ்கேனுக்குப் போவதை நிறுத்திவிடுகிறது. அடைப்பு உள்ள சிறுநீரகம் வலியோ அழுகையோ காட்டாமலே மாதக்கணக்கில் கெட்டுப்போகக் கூடியது. அதனால் கீழே உள்ளவற்றில் பிரசவத்துக்குப் பிந்தைய பகுதியை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் எதைத் தேடுவது

சிறுநீரகம் வடிகட்டும் சிறுநீர் முதலில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் விழுந்து, நடுவில் ஒரு பையில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. நடுவில் உள்ள அந்தப் பைக்குத்தான் ரீனல் பெல்விஸ் என்று பெயர். ஸ்கேனில் வீக்கம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பை விரிந்திருப்பதையே. சிறுநீரகத்தின் சதை வீங்கியிருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது இந்த விரிவின் அளவைக் கூட இல்லை, பனிக்குடநீரை. குழந்தையின் சிறுநீரகம் பத்தாவது வாரம் வாக்கில் சிறுநீர் உண்டாக்கத் தொடங்கிவிடும். பதினாறு வாரத்துக்குப் பிறகு பனிக்குடநீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நீர் போதுமான அளவு இருக்கிறது என்றால் இரண்டில் ஒரு சிறுநீரகமாவது வேலை செய்கிறது, வழியும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு மூலைகளிலும் அளந்து கூட்டிய ஏஎஃப்ஐ எண் 5 செ.மீ.க்குக் கீழே, அல்லது ஒற்றை ஆழ அளவு 2 செ.மீ.க்குக் கீழே போனால் நீர் குறைவு. ஒரே பக்கம் வீக்கம், மற்ற சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நீரும் இயல்பு என்றால் குழந்தையின் உயிருக்கோ நுரையீரலுக்கோ இதனால் ஆபத்து இல்லை. முதல் நாள் இரவு நிம்மதியாகத் தூங்க இந்த ஒன்று போதும்.

அடுத்தது அந்த மி.மீ. எண், அதாவது பையின் முன்பின் அகலம். ஏபிடி அல்லது ஏபிஆர்பிடி என்று எழுதியிருப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, எத்தனையாவது வாரத்தில் எடுத்தது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பாதை விரிவைத் தரம் பிரிக்க 2014இல் வெளியான யுடிடி வகைப்பாட்டின்படி 16 முதல் 27 வாரம் வரை 4 மி.மீ.க்குக் கீழே இயல்பு. 4 முதல் 7க்குள் லேசானது. 7 அல்லது அதற்கு மேல் கவனம் தேவை. 28 வாரத்துக்குப் பிறகு 7க்குக் கீழே இயல்பு. 7 முதல் 10க்குள் லேசானது. 10 அல்லது அதற்கு மேல் கவனம் தேவை. ஆக, 20 வாரத்தில் 5 மி.மீ. இருந்தது 32 வாரத்தில் 6 மி.மீ. ஆனால் அது கூடவில்லை, இயல்புக்குத் திரும்பிவிட்டது. இந்தக் கணக்கு தெரியாமல் ‘ஐந்து ஆறாயிடுச்சே’ என்று கலங்குபவர்கள் ஏராளம்.

எண் சிறியதாக இருந்தாலும் வேறு சில சொற்கள் ரிப்போர்ட்டில் இருந்தால் வகை மாறிவிடும். ஓரக் கிண்ணங்கள், அதாவது பெரிஃபெரல் கேலிசஸ் விரிந்திருப்பது, சிறுநீரகச் சதை மெலிந்திருப்பது அல்லது வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிவது, உள்ளே நீர்க்கட்டிகள், சிறுநீர்க்குழாய் கண்ணுக்குத் தெரியும்படி பெருத்திருப்பது, மூத்திரப்பைச் சுவர் தடித்திருப்பது. இயல்பான சிறுநீர்க்குழாய் கருவின் ஸ்கேனில் தெரியவே தெரியாது. தெரிந்தால் கோளாறு பைக்குக் கீழே எங்கோ இருக்கிறது. சிறுநீரகத்தின் நீளத்துக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை மி.மீ. 30 வாரக் குழந்தைக்குச் சுமார் 30 மி.மீ.

எண் ஏன் ஸ்கேனுக்கு ஸ்கேன் தடுமாறுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சரியாக அளக்க வேண்டுமானால் குழந்தையின் வயிற்றைக் குறுக்குவெட்டாக, முதுகெலும்பு நேர் மேலே அல்லது நேர் கீழே வரும்படி பிடித்து, பையின் உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு அளக்க வேண்டும். சாய்வாக அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. கூடும். குழந்தையின் மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது அளந்தாலும் கூடும். அது மூத்திரம் போன பிறகு, இருபது முப்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் குறைந்திருக்கும். அதனால் முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே டாக்டரிடம் தொடர் ஸ்கேன் எடுங்கள். 1 மி.மீ. வித்தியாசத்துக்காக இடம் மாறி இடம் மாறி மூன்று ஸ்கேன் எடுப்பதில் குழப்பம்தான் மிஞ்சும்.

என்ன என்னவாக இருக்கலாம்

பெயர்கள் நிறைய. எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தைக்கு எது பொருந்துகிறது என்று டாக்டரிடம் கேட்க இந்த அறிமுகம் போதும்.

தற்காலிக விரிவுதான் முதலிடம். வளரும் குழாயில் சிறு மடிப்போ குறுகலோ இருந்து, வளர வளர நேராகிவிடும். வீக்கம் லேசாக இருந்த குழந்தைகளில் பிறந்த பிறகு உண்மையான கோளாறு இருந்தது நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு, நடுத்தர வீக்கத்தில் 45 பேருக்கு, கடும் வீக்கத்தில் 88 பேருக்கு என்று 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இங்கே கடும் வீக்கம் என்பது இரண்டாம் டிரைமெஸ்டரில், அதாவது கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்தில், 10 மி.மீ.க்கு மேல், மூன்றாவதில் 15 மி.மீ.க்கு மேல்.

பையும் குழாயும் சேரும் இடத்தில் குறுகல் இருந்தால் பியுஜே அல்லது யுபிஜே அடைப்பு என்பார்கள். ஆண் குழந்தைகளுக்கும் இடது பக்கத்திலும் சற்று அதிகம். பை பெரிதாக இருக்கும், குழாய் தெரியாது, மூத்திரப்பை இயல்பு. குழாயும் சேர்ந்து பெருத்திருந்தால் ஒன்று மூத்திரப்பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பிப் போகும் ரிஃப்ளக்ஸ், அல்லது குழாயின் கீழ்முனையில் அடைப்பு. ஒரே சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய் இறங்கும் டூப்ளெக்ஸ் கிட்னியும் இப்படிக் காட்டலாம். அதில் மேல்பாதி மட்டும் வீங்கியிருக்கும்.

ஒரு சிறுநீரகம் முழுக்கத் திராட்சைக் கொத்து போல நீர்க்கட்டிகளாகவே இருந்தால் அது எம்சிடிகே. அந்தச் சிறுநீரகம் வேலை செய்யாது. பெரும்பாலும் ஆண்டுகள் போகப் போகச் சுருங்கி மறைந்துவிடும், வெட்டி எடுக்கத் தேவையில்லை. மற்றது நன்றாக இருந்தால் அது கருவிலேயே இரண்டின் வேலையையும் ஏற்றுக்கொண்டு வளரத் தொடங்கிவிடும். ஒரு சிறுநீரகமே இல்லாமல் பிறப்பதும் ஆயிரத்தில் ஒருவர் கணக்கில் நடக்கிறது. ஆனால் ‘ஒரு பக்கம் கிட்னி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், அது கீழே இடுப்புக்குழியில் இருக்கிறதா என்று தேடினார்களா என்று கேளுங்கள். இடம் மாறிய சிறுநீரகம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தலைகீழாகவும் தவறு நடக்கலாம்: சிறுநீரகம் இல்லாத இடத்தில் அட்ரினல் சுரப்பி தட்டையாகப் படுத்துக்கொண்டு சிறுநீரகம் மாதிரியே தெரியும். கலர் டாப்ளரில் சிறுநீரக ரத்தக்குழாயைத் தேடினால் தெளிவாகிவிடும்.

பொறுத்துப் பார்க்கவே கூடாதது போஸ்டீரியர் யுரித்ரல் வால்வ், சுருக்கமாக பியுவி. இது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. சிறுநீர் வெளியேறும் வழியில் சவ்வு ஒன்று கதவு போல மூடிக்கொள்கிறது. மூத்திரப்பை பெருத்து, சுவர் தடித்து, அதன் கீழே சாவித்துளை வடிவம் தெரியும். இரண்டு சிறுநீரகமும் வீங்கும். நீர் குறையத் தொடங்கும். இந்தச் சந்தேகம் எழும்போது சில குடும்பங்கள் ‘அப்படியென்றால் பையனா?’ என்று டாக்டரைக் கேட்டுவிடுகின்றன. 1994ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி அவர் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. வைத்தியத்தைத் திட்டமிட உங்களுக்கு அந்தப் பதில் தேவையும் இல்லை.

இரண்டு சிறுநீரகமும் பெரிதாகி வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் மரபணு வழி வரும் நீர்க்கட்டி நோய்களை யோசிக்க வேண்டும். ஏஆர்பிகேடி என்ற வகையில் தாய் தந்தை இருவரும் நோயில்லாமலே அந்த மரபணுவைச் சுமந்திருப்பார்கள்; ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையோ அத்தை, மாமா பிள்ளையையோ மணந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. சோதனையின் திசையே அதனால் மாறும். இன்னொரு வகையான ஏடிபிகேடி பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. அதற்குத் தாய் தந்தை இருவருக்கும் வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். இளம் வயதில் கட்டிகள் இன்னும் தெரியாமல் இருக்கக் கூடும் என்பதால் குடும்பத்தில் டயாலிசிஸ், இளவயது ரத்த அழுத்தம், மூளை ரத்தக்கசிவு யாருக்காவது இருந்ததா என்று விசாரித்து வையுங்கள்.

கர்ப்ப காலத்தில் செய்ய வேண்டியவை

படி ஒன்று, கோளாறு தனியாக இருக்கிறதா என்று உறுதி செய்வது. இதயம், முதுகெலும்பு, மூளை, கை கால் எல்லாம் இயல்பு என்று அதே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். லேசான பெல்விஸ் விரிவை டவுன் சிண்ட்ரோமுக்கான சிறு அடையாளங்களில் ஒன்றாகக் குறிப்பிடுவார்கள். தனியாக இருக்கும்போது அது வாய்ப்பைக் கொஞ்சம்தான் கூட்டும். மூன்றாம் மாதத்து என்டி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் குறைந்த ஆபத்து என்று சொல்லியிருந்தால் இதற்காக மட்டும் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்கத் தேவை வராது. அந்தச் சோதனை எதுவுமே செய்யாதவர்கள் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். வேறு உறுப்பிலும் மாறுதல் இருந்தால் கதை வேறு. மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

படி இரண்டு, அடுத்த ஸ்கேன் தேதி. லேசான விரிவுக்கு 32 வாரம் அல்லது அதற்குப் பிறகு ஒரே ஒரு ஸ்கேன் போதும். அதிக விரிவுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. மூத்திரப்பை அடைப்புச் சந்தேகமோ நீர் குறைவோ இருந்தால் இன்னும் நெருக்கமாக. இதற்கு மேல் ஸ்கேன் எடுப்பதால் வீக்கம் குறையாது.

படி மூன்று, மாத்திரைகள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருபது வாரத்துக்குப் பிறகு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரக ரத்த ஓட்டத்தைக் குறைத்து பனிக்குடநீரையும் குறைக்கும். பல்வலிக்கும் முதுகுவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது இவைதான். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். அதுவும் டாக்டர் சொன்ன அளவில். பிரஷருக்காக எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவற்றை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவர்கள் கர்ப்பம் தெரிந்ததுமே மாற்றியாக வேண்டும்; இவை கருவின் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அன்றே டாக்டரைப் பார்த்து மாற்று மாத்திரை வாங்குங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் முக்கியம்.

சாப்பாட்டால் இந்த வீக்கம் வருவதில்லை, சாப்பாட்டால் வடிவதும் இல்லை. தண்ணீரைக் குறைத்தால் குழந்தையின் கிட்னி வீக்கம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாய்க்கு நீர்ச்சத்து குறைந்தால் பனிக்குடநீரும் குறையலாம். மறுபக்கம், குழந்தைக்குச் சிறுநீர் வராமலோ வெளியேறாமலோ நீர் குறைந்திருக்கும்போது எத்தனை இளநீர் குடித்தாலும் அது ஏறாது. மூக்கிரட்டை, நெருஞ்சில், சிறுபீளை போன்ற கல்லடைப்புக் கஷாயங்களைக் கருவில் இருக்கும் குழந்தைக்காகத் தாய் குடிப்பது வேண்டவே வேண்டாம். கிரகணத்தில் வெளியே போனதாலும் வரவில்லை, தாய் ஏதோ தூக்கியதாலும் வரவில்லை. சிறுநீரகம் உருவாகத் தொடங்குவது கரு உருவான ஐந்தாவது வாரத்தில். கர்ப்பம் என்றே சிலருக்கு அப்போது தெரிந்திருக்காது.

படி நான்கு, பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரையோ குழந்தைகள் சிறுநீரக மருத்துவரையோ ஒருமுறை பார்த்துவிடுவது. லேசான விரிவுக்கு இது கட்டாயம் இல்லை. மூன்றாம் டிரைமெஸ்டரில் 10 மி.மீ.க்கு மேல், இரண்டு பக்கமும் வீக்கம், ஒற்றைச் சிறுநீரகம், மூத்திரப்பை கோளாறு ஆகியவற்றுக்குக் கட்டாயம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி, மதுரை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பார்க்கப் போகும்போது எல்லா ஸ்கேன் படங்களையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளில் வாரம், வலது மி.மீ., இடது மி.மீ., நீர் அளவு என்று நான்கு பத்தி போட்டு எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிட ஆலோசனையில் பாதி நேரம் மிச்சமாகும்.

கடினமான நிலை

இரண்டு சிறுநீரகமும் இல்லை, அல்லது இரண்டுமே வேலை செய்யவில்லை, இருபது வாரம் வாக்கிலேயே நீர் ஏறக்குறைய இல்லை என்று வந்தால் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தையின் நுரையீரல் வளர்வதற்குச் சுற்றிலும் நீர் வேண்டும். அந்த முக்கியமான வாரங்களில் நீர் இல்லாவிட்டால் நுரையீரல் சிறுத்துப்போய், பிறந்தவுடன் மூச்சுவிட முடியாமல் போகும். இந்த நிலையில் இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, கடமையும் கூட. கருமருத்துவ நிபுணர் ஒருவரிடம் மறு ஸ்கேன் எடுங்கள். பனிக்குடம் கசிந்து நீர் போயிருக்கிறதா, குழந்தையின் வளர்ச்சி குன்றியதால் நீர் குறைந்ததா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீர் இல்லாதபோது ஸ்கேன் படம் மங்கும் என்பதால் சிலருக்கு எம்ஆர்ஐ உதவும்.

மூத்திரப்பை அடைப்பில் வயிற்றின் வழியே சின்னக் குழாய் வைத்து, சிறுநீரைப் பனிக்குடத்துக்குள் வடிக்கும் ஷன்ட் சிகிச்சை உண்டு. பிரிட்டனில் நடந்து 2013இல் முடிவு வெளியான ‘புளூட்டோ’ ஆய்வில் 31 பெண்கள் மட்டுமே சேர்ந்தார்கள். ஷன்ட் வைத்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடலாம் என்று தெரிந்தது. ஆனால் பிழைத்தவர்களில் இயல்பான சிறுநீரகத்தோடு இருந்தவர்கள் மிகச் சிலர். செய்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்தே யோசியுங்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது தாயின் முடிவு. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு திருத்தச் சட்டத்தின்படி, கடுமையான கருக் குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவ வாரியத்தின் ஒப்புதலோடு கருக்கலைப்பு செய்யலாம். விண்ணப்பித்த மூன்று நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும். இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. ஒரு பக்க வீக்கமோ, எம்சிடிகேயோ, ஒற்றைச் சிறுநீரகமோ தனியாக இருக்கும்போது அது கருக்கலைப்புக்கான காரணம் ஆகாது. பயத்தில் அவசர முடிவு எடுக்க உறவினர் நெருக்கினால், நிபுணரைப் பார்க்கும்வரை பொறுங்கள்.

பிரசவம்

சிறுநீரக வீக்கத்துக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ‘வீக்கம் கூடுவதற்குள் எடுத்துவிடலாம்’ என்று முன்கூட்டியே பிரசவம் பார்ப்பதும் தவறு. 36 வாரம் வரை குழந்தையின் சிறுநீரகத்தில் புதிய வடிகட்டிகள் உருவாகிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் எடுத்தால் அந்தச் சிறுநீரகத்துக்கே நட்டம். நீர் வேகமாகக் குறைந்துகொண்டே போனால் மட்டும் டாக்டர் வேறு மாதிரி முடிவெடுப்பார்.

ஒரு பக்க வீக்கம், நீர் இயல்பு என்றால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்கலாம். பியுவி சந்தேகம், இரண்டு பக்கமும் கடும் வீக்கம், நீர் குறைவு இவற்றில் எது இருந்தாலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள இடத்தை எட்டாம் மாதத்திலேயே தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளுங்கள்.

பிரசவ அறைக்குள் போகும்போது ஒரு விஷயம் அடிக்கடி நழுவுகிறது. தாயின் கேஸ் ஷீட்டில் இருக்கும் கிட்னி விவரம் குழந்தையின் தாளுக்குப் போய்ச் சேர்வதில்லை. குழந்தை டாக்டர் புதியவராக இருப்பார், அவருக்குத் தெரியாது. கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அவர் கையிலேயே கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கருவிலேயே ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்ற வரியும் அடுத்த ஸ்கேன் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறந்த முதல் வாரம்

குழந்தை எப்போது முதலில் மூத்திரம் போனது என்று நேரத்தைக் குறித்து வையுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் போய்விடும். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் எந்தக் குழந்தையானாலும் சோதிக்க வேண்டும். ஆண் குழந்தையானால் தாரையாகப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா என்று கவனியுங்கள். டயப்பர் போட்டால் இது தெரியாது. முதல் சில நாள் வெள்ளைத் துணியே நல்லது. தாரையாகப் போவதால் மட்டும் பியுவி இல்லை என்று ஆகிவிடாது, ஸ்கேன்தான் சொல்லும்.

முதல் ஸ்கேன் பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு. முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாக உண்டாகும் என்பதால் வீங்கிய பை சுருங்கித் தெரிந்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். அந்த நார்மலை நம்பி நிறுத்தியதால் தவறவிட்ட அடைப்புகள் உண்டு. டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக எடுத்துக்கொண்டு போகாமல், முதல் வாரத்தின் இறுதியில் எடுப்பது வசதி. விதிவிலக்கு, மேலே சொன்ன பியுவி சந்தேகம், இரு பக்கக் கடும் வீக்கம், நீர் குறைவு; இவற்றுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். பியுவி சந்தேகத்தில் பிறந்தவுடனே மெல்லிய ஃபீடிங் டியூப் ஒன்றை மூத்திரப்பைக்குள் வைத்துச் சிறுநீரை வடிப்பார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முதல் ஓரிரு நாளில் தாயின் அளவையே காட்டும். நாலைந்து நாள் கழித்து எப்படி இறங்குகிறது என்பதே குழந்தையுடையது.

இரண்டாவது ஸ்கேன் நான்கு முதல் ஆறு வாரத்தில். முதல் ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் இது கட்டாயம். இரண்டுமே இயல்பாக இருந்தால்தான் கோப்பை மூட முடியும். பிறந்த பிறகு அளவுகோலும் மாறும்: பெல்விஸ் 10 மி.மீ.க்குக் கீழே, கிண்ணங்கள் விரியாமல் இருந்தால் இயல்பு. 10 முதல் 15க்குள் லேசானது. 15க்கு மேல், அல்லது குழாயும் ஓரக் கிண்ணங்களும் விரிந்திருந்தால் தொடர் சோதனை. தேதியை ஞாபகம் வைக்க எளிய வழி, ஆறாவது வாரத் தடுப்பூசியோடு சேர்த்துவிடுவது. தடுப்பூசி அட்டையின் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘கிட்னி ஸ்கேன்’ என்று பேனாவால் எழுதுங்கள்.

தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். வெந்நீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பாலைக் குறைக்கவும் வேண்டாம். குளிப்பாட்டும்போது ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்து எண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இழுத்தால் கீறிப் புண்ணாகி, பிறகு இறுகிவிடும். மேலே கழுவினால் போதும்.

காய்ச்சலும் ஆன்டிபயாட்டிக்கும்

சிறுநீர் தேங்கும் இடத்தில் கிருமி எளிதில் தங்கும். வீக்கம் லேசாக இருந்த குழந்தைக்கும் ரிஃப்ளக்ஸ் இருக்கலாம் என்பதால் இந்த எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவானது. தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனால் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சளி இருமல் இல்லாத காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வாந்தி, சோர்ந்து கிடப்பது, மூத்திரத்தில் கெட்ட நாற்றம், எடை ஏறாமல் நிற்பது எல்லாம் சிறுநீர்த் தொற்றின் அடையாளங்கள்.

போனதும் சொல்ல வேண்டிய வாசகம்: “வயித்துல இருக்கும்போதே கிட்னியில வீக்கம்னு சொன்ன குழந்தை. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யூரின் கல்ச்சர் எடுங்க டாக்டர்.” மருந்து ஒரு வேளை உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிளாஸ்டிக் பையை ஒட்டி எடுத்த மூத்திரத்தில் தோலில் உள்ள கிருமி கலந்துவிடும், முடிவை நம்ப முடியாது. மெல்லிய டியூப் வைத்து எடுப்பதே சரி; மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

விரிவு அதிகம் உள்ள குழந்தைகளுக்குச் சோதனைகள் முடியும்வரை தினம் ஒரு வேளை குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பெரும்பாலும் செஃபாலெக்சின், கிலோவுக்குச் சுமார் 10 மி.கி.; அதற்குப் பிறகு கோட்ரைமாக்சசோல் அல்லது நைட்ரோஃபுரான்டோயின். இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. குழந்தையின் எடை இரட்டிப்பான பிறகும் பழைய அளவையே கொடுப்பது. தண்ணீர் கலந்த டிரை சிரப்பை லேபிளில் போட்ட நாளுக்கு மேல் வைத்திருந்து கொடுப்பது. மில்லி கணக்கில் கொடுக்க வேண்டியதை வீட்டு ஸ்பூனில் கொடுப்பது. ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடுப்பூசிக்குப் போகும்போதும் எடையைச் சொல்லி அளவை மாற்றி எழுதி வாங்குங்கள்.

எம்சியுவும் ரீனோகிராமும்

எம்சியு ரிஃப்ளக்ஸையும் பியுவியையும் கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே சோதனை. மெல்லிய டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் மருந்து ஏற்றி, குழந்தை மூத்திரம் போகும்போது படம் எடுப்பார்கள். பியுவி சந்தேகத்தில் உடனேயும், குழாய் பெருத்திருந்தாலோ வீக்கம் அதிகமாக இருந்தாலோ நான்கு முதல் ஆறு வாரத்திலும் செய்வார்கள். மூத்திரம் போகும் தருணத்தைத் தவறவிட்ட எம்சியு பாதி சோதனைதான். ‘வாய்டிங் படம்’ இருக்கிறதா என்று பாருங்கள். தொற்று இருக்கும்போது செய்யக் கூடாது. சோதனையை ஒட்டி ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.

ரீனோகிராம் என்பது ஒவ்வொரு சிறுநீரகமும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, சிறுநீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன். டிடிபிஏ, ஈசி, மேக்3 என்ற பெயர்களில் எழுதுவார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு எடுத்தால் பிஞ்சுச் சிறுநீரகம் சரியாக வடிகட்டாது, முடிவு தப்பாக வரும். இரு பக்கமும் 45 முதல் 55க்குள் இருந்தால் இயல்பு. போவதற்கு முன் நன்றாகப் பால் கொடுங்கள். வயிறு காய்ந்த குழந்தைக்குச் சிறுநீர் மெதுவாகத்தான் இறங்கும், அடைப்பு இல்லாமலே அடைப்பு போலத் தெரியும். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் அதே கோளாறு. பால் குடித்துத் தூங்கும் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றினால் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. சோதனைக்குப் பிறகு ஒரு நாள் டயப்பரை அடிக்கடி மாற்றிக் கையைக் கழுவுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது

வீக்கம் இருக்கிறது என்பதற்காகவே கத்தி எடுப்பதில்லை. அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அல்லது அடுத்தடுத்த ரீனோகிராமில் இறங்கிக்கொண்டே வந்தால், வீக்கம் ஏறிக்கொண்டே போனால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால் செய்வார்கள். பியுஜே அடைப்புக்கு பைலோபிளாஸ்டி: குறுகிய துண்டை வெட்டி எடுத்து, பையையும் குழாயையும் மறுபடி அகலமாகத் தைப்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலன் தருகிறது. அதற்குப் பிறகும் ஸ்கேனில் வீக்கம் சில மாதம் தெரியும்; பழகிப்போன பை சுருங்க நேரம் எடுக்கும்.

பல குழந்தைகளுக்கு உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துவிட்டு, நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். காயம் ஆறிவிட்டது, குழந்தை விளையாடுகிறது என்று இதை மறந்துவிடும் குடும்பங்கள் உண்டு. மறந்த ஸ்டென்டில் கல் படியும், தொற்று வரும், எடுப்பதற்கே இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

பியுவிக்கு எண்டோஸ்கோப் வழியாகச் சவ்வை வெட்டிவிடுவார்கள். இங்கே ஆபரேஷன் ஆரம்பம் மட்டுமே. முதல் ஓராண்டில் கிரியேட்டினின் இறங்கும் மிகக் குறைந்த அளவு 0.8 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் நல்ல அறிகுறி. 1க்கு மேலேயே நின்றால் சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பு பெரியவனாகும்வரை வேண்டும். ரிஃப்ளக்ஸில் குறைந்த கிரேடுகள் பெரும்பாலும் வளர வளர மறையும்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்கள் சிகிச்சை அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில், குழந்தைகள் நலத்துக்கான ஆர்பிஎஸ்கே திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையம் வழியாகவும் பரிந்துரை வாங்கலாம்.

பிறகும், அடுத்த குழந்தைக்கும்

ஒற்றைச் சிறுநீரகத்தோடு வளரும் குழந்தை ஓடலாம், நீந்தலாம், சாதாரணமாகச் சாப்பிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், மூத்திரத்தில் புரதம், உயரம், எடை, இவ்வளவுதான். குழந்தைக்கான சிறிய கஃப் வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், பெரியவர்களுடைய பட்டையில் எண் குறைவாகக் காட்டும். காய்ச்சல் வலிக்கு ஐபுபுரூஃபன் சிரப் கொடுக்காமல் பாராசிட்டமாலோடு நிறுத்துங்கள். பள்ளியில் சேர்க்கும்போது உடல்நலப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் பதிவு செய்யும் முதல் நாளே மூத்த பிள்ளையின் கோப்பைக் காட்டுங்கள். லேசான விரிவு மட்டும் இருந்திருந்தால் வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனும் 32 வார ஸ்கேனும் போதும். ரிஃப்ளக்ஸ் உறுதியான குழந்தையின் உடன்பிறப்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. அவர்களுக்குக் காரணமில்லாத காய்ச்சல் வந்தால் மூத்திரத்தைச் சோதிக்க மறக்காதீர்கள். ஏஆர்பிகேடி உறுதியான குடும்பம் மட்டும், அடுத்த கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துப் பெற்றோர் இருவரின் ரத்தப் பரிசோதனையையும் முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பிறகு தொடங்கினால் முடிவு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.